விடுதலைக்குப் பின் பிள்ளை யாருக்கு உரியது?

அடிமை முறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஓர் ஆண்டைக் குறிப்பிட்டு நூலை முடித்துவிடுகின்றனர். பிரிட்டிஷ் பேரரசில் 1834, துனீசியாவில் 1846, திருவிதாங்கூரில் 1855, அமெரிக்காவில் 1865 என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஆணை பிறந்த மறுநாள் காலையில் நிகழ்ந்தது என்ன என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலரே. நேற்றுவரை அடிமையாயிருந்தவன் இன்று எவருடைய வயலில் இறங்கினான்? என்ன கூலி பெற்றான்? அவனுடைய பிள்ளை அன்றிரவு எவருடைய வீட்டில் உறங்கியது? விடுதலையின் உண்மையான வரலாறு இவ்வினாக்களிலேயே அடங்கியிருக்கிறது.

விடுதலை பெற்ற மக்கள் எங்கெங்கு வாழ்ந்தார்களோ அங்கெல்லாம் இருவகை வழக்குகள் எழுந்துள்ளன. ஒன்று, உழைப்பையும் கூலியையும் பற்றியது. மற்றொன்று, பிள்ளையை வைத்துக்கொள்ளும் உரிமை பற்றியது. முன்னதைப் பொருளியல் என்றும் பின்னதைக் குடும்பவியல் என்றும் பிரித்து நோக்குவது வழக்கம். உண்மையில் இவை இரண்டும் ஒரே வழக்கின் இரு பக்கங்களாகும். பெற்றோரின் உடல் மீது உரிமை இழந்த எசமானன், பாதுகாப்பு, பயிற்சி, வளர்ப்பு என்னும் நற்பெயர்களைச் சூட்டிக்கொண்டு பிள்ளையின் வழியாக அவ்வுரிமையை மீட்டுக்கொள்ள முயன்றிருக்கிறான். எனவே, ஒரு சமூகம் உண்மையில் விடுதலை பெற்றதா என்பதை அறிய, அச்சமூகத்துத் தாய் தன் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடிகிறதா என்று பார்த்தல் போதுமானது என்பது நமது கருத்து. போடிநாயக்கனூரின் தெற்கே சிலமலை முதலிய அடிவாரச் சிற்றூர்களும் அவற்றின் மேலே எழும் ஏலமலைச் சரிவும் இதை ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைந்துள்ளன. அங்குச் செல்லுமுன் பழைய நிலையைச் சுருக்கமாகக் காண்போம்.

வழியடிமை என்னும் பழைய முறை

தமிழகத்துக் கோயிற் கல்வெட்டுகள் அடிமை விற்பனையைப் பற்றிப் பல செய்திகளைத் தருகின்றன. மூன்றாம் குலோத்துங்கனின் ஆட்சியில், 1201ஆம் ஆண்டு, கடும் பஞ்சத்தின்போது வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு புதல்வியரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தியைத் திருப்பாம்புரத்துக் கல்வெட்டு கூறுகிறது. இங்கு நாம் கருதத்தக்கது தந்தையின் வறுமை மட்டுமன்று. அவ்வறுமைக்கு விலையாகப் பெண்மக்களும் சேர்த்துத் தரப்பட்டனர் என்பதே முக்கியமானது. பரம்பரையாகத் தொடரும் இந்நிலைக்கு வழியடிமை என்று பெயர். கடன் பட்டவன் ஒருவன். அதைத் தீர்ப்பவர்கள் அவன் சந்ததியினர்.

மேற்கு மலைக்கு அப்பால் மலபார், கொச்சி, திருவிதாங்கூர்ப் பகுதிகளில் இம்முறை மேலும் நுணுக்கமாக வளர்ந்தது. கணவன் ஓர் எசமானனுக்கும் மனைவி வேறோர் எசமானனுக்கும் உரியவர்களாயின், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எவருக்கு உரியவர்கள் என்பதற்கு ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி வேறுபட்ட வழக்கங்கள் இருந்தன. சிலவிடங்களில் தாயின் எசமானனுக்கே எல்லாப் பிள்ளைகளும். வேறு சிலவிடங்களில் இரு எசமானர்களும் பிள்ளைகளைப் பங்கிட்டுக் கொண்டனர். பெற்றவர்களுக்கு இப்பங்கீட்டில் இடமே இல்லை.

திருவிதாங்கூர் அரசு 1853இல் வெளியிட்ட பிரகடனம், அரசுக்கு உரிய அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று அறிவித்தது. 1855ஆம் ஆண்டுப் பிரகடனம் அடிமை முறையையே நீக்கியது. விடுதலை முதலில் பிள்ளையின் வழியாகவே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். துனீசியாவின் அஹ்மத் பேயும் இவ்வழியையே கைக்கொண்டார். 1842இல் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று ஆணையிட்டு, 1846இல் முழு விடுதலையை அறிவித்தார். பிள்ளையின் நிலையே அடிமை முறையின் வேர் என்பதை ஆட்சியாளர்கள் அறிந்தே இருந்தனர். எசமானர்களும் அறிந்திருந்தனர் என்பதைப் பின்வரும் இரு நாடுகளின் வரலாறு உணர்த்தும்.

பயிற்சி என்னும் போர்வை

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் இயற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அடிமைகளை இழந்தவர்களுக்கு இரண்டு கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒன்றும் தரப்படவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் இச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. சட்டம் நடைமுறைக்கு வந்த இடங்களிலும் ஆறு வயதுக்கு மேற்பட்டோர் உடனே விடுபடவில்லை. பயிற்சியாளர் என்னும் புதுப்பெயரோடு பழைய எசமானனிடமே சில ஆண்டுகள் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோ அன்றே சுதந்திரர் ஆயினர். எனினும், பிள்ளை ஆதரவற்ற நிலையில் இருப்பதாகக் கண்டால் தாயின் எசமானனிடமே 21 வயதுவரை பயிற்சிக்கு ஒப்படைக்கலாம் என்று சட்டம் வழிவகுத்தது. மேற்கிந்தியத் தீவுகளின் தோட்ட முதலாளிகள் இதைப் பயன்படுத்த முனைந்தனர். முன்பு வழங்கிவந்த உணவுப் பங்கையும் மருத்துவத்தையும் பாலூட்டும் தாய்மாருக்கான சலுகைகளையும் நிறுத்திவிட்டு, பிள்ளையின் உழைப்பைத் தந்தால் மீண்டும் தருவோம் என்றனர். தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் இணங்கவில்லை. பசியைத் தாங்கிக்கொண்டனர், பிள்ளையைத் தர மறுத்தனர். 1838 ஆகஸ்ட் 1 அன்று அத்தீவுகளில் பயிற்சி முறையே ஒழிக்கப்பட்டதற்கு அவர்களின் உறுதியும் ஒரு காரணமாகும்.

அமெரிக்காவில் இவ்வழக்கு இன்னும் வெளிப்படையாக நடந்தது. மேரிலாந்து மாநிலம் தனது புதிய அரசமைப்பின் வழியாக 1864 நவம்பர் 1 அன்று அடிமைகளை விடுவித்தது. அடுத்த சில நாள்களிலேயே பழைய எசமானர்கள் கறுப்பினப் பிள்ளைகளை வண்டிகளில் ஏற்றி நீதிமன்றங்களுக்குக் கொண்டு வந்தனர். அநாதைகள் நீதிமன்றம் என்னும் பெயர் கொண்ட அம்மன்றங்கள், தாயும் தந்தையும் உயிரோடிருந்த பிள்ளைகளையும் பழைய எசமானர்களிடமே பயிற்சியாளர்களாக எழுதிக்கொடுத்தன. மிசிசிப்பி மாநிலத்தின் 1865ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய பிள்ளைகளைப் பெறுவதில் முன்னாள் எசமானனுக்கே முன்னுரிமை என்று வெளிப்படையாகவே விதித்தது. விடுதலை பெற்றோரின் நலனுக்காக 1865இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி அரசின் பணியகத்திற்குக் கூலி வழக்குகளோடு பிள்ளையை மீட்டுத் தருமாறு கோரும் முறையீடுகளும் பெருந்தொகையாக வந்து குவிந்தன.

அவ்வழக்குகளில் எலிசபெத் டர்னர் என்னும் சிறுமியின் வழக்கு புகழ்பெற்றது. விடுதலை நாளுக்கு இரண்டு நாள் கழித்து அவள் தன் முன்னாள் எசமானனிடம் பயிற்சியாளராக எழுதிக்கொடுக்கப்பட்டாள். 1867இல் ஆட்கொணர்வு மனு மீது தலைமை நீதிபதி சால்மன் சேஸ் அவளை விடுவித்தார். வெள்ளையினப் பயிற்சியாளருக்குக் கல்வி அளிக்க வேண்டும் என்று கடமை விதித்த சட்டம், கறுப்பினப் பிள்ளைக்கு அதை விதிக்கவில்லை. ஆகவே இது பயிற்சி அன்று, அரசமைப்பின் 13ஆவது திருத்தம் தடைசெய்த கட்டாய ஊழியமே என்பது அவர் கண்ட முடிவு. வளர்ப்பு என்று சொல்லப்படும் எந்த ஏற்பாட்டையும் சோதிப்பதற்குரிய அளவுகோல் இத்தீர்ப்பில் உள்ளது. பிள்ளை அங்கு எதைப் பெறுகிறது, எசமானன் எதைப் பெறுகிறான் என்று கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

இந்தியாவில் கடன் செய்த வேலை

இந்தியாவில் கம்பெனி அரசு 1843இல் இயற்றிய ஐந்தாம் சட்டம் நான்கு விதிகளே கொண்டது. வரிப்பாக்கிக்காகவோ நீதிமன்ற ஆணையை நிறைவேற்றவோ ஒருவரை அடிமை என்று விற்கக் கூடாது. அடிமை மீதான உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டாது. அடிமை என்னும் காரணத்தால் ஒருவரின் சொத்தைப் பறிக்க முடியாது. சுதந்திரனுக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. இவ்வளவுதான். அடிமைகள் விடுவிக்கப்பட்டனர் என்ற சொல் அச்சட்டத்தில் இல்லை. ஆளை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றமாக ஆனது 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தினாலேயே.

ஆளின் மீதான உரிமை போனது. அவ்விடத்திற்குக் கடன் வந்தது. 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் பெற்றுக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்த வழிசெய்தது. ஒப்பந்தத்தை மீறும் வணிகன் உரிமையியல் நீதிமன்றத்திற்குச் செல்வான். தொழிலாளியோ சிறைக்குச் செல்வான். 1926வரை இச்சட்டம் நீடித்தது. மலைத் தோட்டங்கள் பெருகிய காலமும் இதுவே. சமவெளிக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தனர். இலங்கைத் தோட்டங்களில் இம்முன்பணம் 'துண்டு' என்னும் சீட்டாக உருவெடுத்தது. தொழிலாளியின் கடனை அச்சீட்டில் எழுதி, கடனை அடைக்கும் வேறு துரையிடம் அவனை மாற்றிவிடுவர். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் மாற்றினோம் என்று சொல்லிக்கொள்ள அது இடமளித்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை நீக்கியது.

இக்கடன் பிள்ளையை எவ்வாறு பற்றியது என்பதை, 1931இல் அறிக்கை தந்த விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம் அம்பலப்படுத்தியது. அமிர்தசரசின் கம்பளத் தறிகளிலும் சென்னை மாகாணத்தின் பீடிப் பட்டறைகளிலும் பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் அடகு வைக்கப்பட்டிருந்தனர். அதன் விளைவாகவே 1933ஆம் ஆண்டு, குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் உடன்பாடு செல்லாது என்று அது அறிவித்தது. மீறும் பெற்றோருக்கு 50 ரூபாய் வரையிலும், இடைத்தரகனுக்கும் வேலை கொடுப்பவனுக்கும் 200 ரூபாய் வரையிலும் அபராதம் விதித்தது. அடிமைச் சட்டம் பிறந்து 90 ஆண்டுகள் கழிந்த பின்னரும் பிள்ளைகளை மீட்கத் தனிச்சட்டம் தேவைப்பட்டது என்பதை வாசகர்கள் சிந்திக்க வேண்டும்.

ஏலமலைச் சரிவில்

போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறினால் அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. உழைக்கும் கைகள் பெரும்பாலும் தேனி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து செல்கின்றன. விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, மாலையில் இறங்கி வருவோர் ஒரு சாரார். தோட்டத்து லயங்களில் தங்கியிருப்போர் மற்றொரு சாரார். காய் பறிப்பதும் தரம் பிரிப்பதும் பெரிதும் பெண்களின் வேலை. பறித்த காய் உலர்ந்து, போடி ஏலச் சந்தைக்கு வந்து பெரும் விலை பெறுகிறது.

இங்கு வேலை செய்வோர் அனைவரும் கொத்தடிமைகள் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது உண்மைக்கு மாறானது; அன்றன்று கூலி பெற்று, விரும்பிய தோட்டத்திற்குச் செல்வோர் ஏராளம். நாம் சுட்டுவது, சுதந்திரமான கூலி வேலை எந்தப் புள்ளியில் கட்டுண்ட வேலையாக மாறுகிறது என்பதையே. எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மகளின் திருமணத்திற்கென்று 30,000 ரூபாய் முன்பணம் பெறுகின்றனர். கடன் தீரும்வரை வேறிடம் செல்லக் கூடாது என்பது வாய்மொழி உடன்பாடு. சந்தையில் கிடைக்கும் கூலியைவிட நாளொன்றுக்கு 100 ரூபாய் குறைவாகப் பெறுகின்றனர். கணவன், மனைவி இருவரும் ஆண்டில் 200 நாள் உழைத்தால் 40,000 ரூபாயை இழந்திருப்பர். கடனோ ஏட்டில் அப்படியே நிற்கும். கணவன் நோயுற்றால் அவனுடைய இடத்தை நிரப்ப 12 வயது மகன் படிப்பை நிறுத்திவிட்டு வருவான். அவனை எவரும் விலைக்கு வாங்கவில்லை. எவரும் எழுதி வாங்கவும் இல்லை. ஆயினும் திருப்பாம்புரத்துத் தந்தையின் கதையே இங்கு வேறு உருவில் நடக்கிறது.

தோட்டத் தொழிலாளருக்கென 1951இல் பிறந்த சட்டம் குழந்தைகள் காப்பகம், வீடு, மருத்துவம் முதலியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஆயினும் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டங்களும் 15 பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்த தோட்டங்களும் பொதுவாக அதன் எல்லைக்கு வெளியே நின்றன. ஏலத்தோட்டங்களில் சிறியவை பல. மேலும், வீடு தமிழகத்திலும் வேலை கேரளத்திலும் இருப்பதால், பள்ளிப் பதிவேடு ஓர் அரசிடமும் தொழிலாளர் ஆய்வாளர் மற்றோர் அரசிடமுமாகப் பிரிந்து, பிள்ளை இருவர் கண்ணிலும் படாமல் போவது எளிது. பெற்றோர் மலையில் தங்க நேரும்போது பிள்ளையைப் பாட்டியிடம் அடிவாரத்தில் விட்டுச்செல்வதா, பள்ளியற்ற லயத்திற்கு அழைத்துச் செல்வதா என்னும் தேர்வு, கூலி வழக்கும் பிள்ளை வழக்கும் ஒன்றே என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சான்றாகும்.

1976க்குப் பின்

கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் முழுச் சட்டமாயிற்று. முன்னைய சட்டங்கள் விட்ட இடத்தை இது பிடித்தது. தான் வாங்கிய கடனுக்காகவோ, முன்னோர் வாங்கிய கடனுக்காகவோ, தானாகவோ தன் குடும்பத்தார் வழியாகவோ உழைக்கக் கட்டுண்டவர் யாவரும் விடுதலை பெற்றவர், அக்கடன் அழிந்தது, குடியிருக்கும் வீட்டிலிருந்து அவரை வெளியேற்ற முடியாது, இது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. இவை இச்சட்டத்தின் உயிர்நாடிகள். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வாங்கும் வேலையும் அரசமைப்பின் 23ஆவது விதி தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. மறுவாழ்வு இல்லாத விடுதலை பயனற்றது என்று 1984இல் கூறிற்று. அந்நீதிமன்றம் அமைத்த ஆணையர்கள் 1995இல் தமிழகத்தில் மட்டும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாகக் கணித்தனர்.

விடுவிக்கப்படும் பிள்ளையின் நிலை என்ன? 2016ஆம் ஆண்டின் மறுவாழ்வுத் திட்டம் ஆண் தொழிலாளருக்கு ஒரு லட்சம் ரூபாயும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம் ரூபாயும், மிகக் கொடிய நிலையில் மீட்கப்பட்டோருக்கு மூன்று லட்சம் ரூபாயும் நிர்ணயித்தது. முழுத் தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டதால் கைக்கு வர ஆண்டுகள் ஆகலாம். விடுதலைச் சான்றிதழ் கையில் இல்லையேல் எதுவும் கிட்டாது. அடுத்து, மீட்கப்பட்ட பிள்ளை குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்படுகிறது. பெற்றோரிடம் சேர்ப்பதே முதன்மை நோக்கம் என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது. ஆனால் பிள்ளையை ஒப்படைத்தவர் பெற்றோரே எனில் அவர்கள் குழுவின் முன் வர அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தில் அவர்கள் வாராதிருந்தால் பிள்ளை காப்பகத்திலேயே தங்கிவிடும். 2018இல் கஜா புயல் வீசிய பின் காவிரிப் படுகை மாவட்டங்களில் ஆடு மேய்க்க அடகு வைக்கப்பட்ட சிறுவர்களைப் பற்றிய செய்திகள் நாளேடுகளில் வந்ததை வாசகர்கள் நினைவுகூரலாம். வீட்டையும் வாழ்வாதாரத்தையும் இழந்த தந்தையைக் குற்றவாளி என்று மட்டும் கண்டு, முன்பணம் கொடுத்தவரைப் புரவலர் என்று காணும் மனப்பான்மை, மேரிலாந்தின் அநாதைகள் நீதிமன்றத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

ஃபிக்ஹு கூறுவது என்ன?

இஸ்லாமியச் சட்டநூல்கள் அடிமை முறை நிலவிய காலத்தில் எழுந்தவை. அடிமைத் தாயின் பிள்ளை தாயின் நிலையையே அடையும் என்னும் பொது விதி அவற்றிலும் இருந்தது. இதை மறைப்பது ஆய்வுக்கு அழகன்று. அதே நூல்கள் எசமானனுக்குப் பிள்ளை பெற்ற பெண்ணை (உம்முல் வலத்) விற்கக் கூடாது, அவள் பிள்ளை சுதந்திரப் பிள்ளை, எசமானன் இறந்ததும் அவளும் சுதந்திரர் என்று விதித்தன. தொகை பேசி விடுதலை பெறும் முகாதபாவைக் குர்ஆன் ஊக்குவித்தது. ஜகாத்தின் எட்டுப் பங்குகளில் ஒன்று அடிமைகளின் மீட்சிக்கு உரியது. தாயையும் பிள்ளையையும் பிரிப்பவரைக் கடுமையாக எச்சரிக்கும் நபிமொழி திர்மிதியில் பதிவாகியுள்ளது.

நமது காலத்திற்கு நேரடியாகப் பயன்படும் விதிகள் வேறு சில உள்ளன. முதலாவது அடகு (ரஹ்ன்) பற்றியது. அடகுப் பொருள் 'மால்' ஆக, அதாவது சொத்தாக இருக்க வேண்டும். சுதந்திரமான மனிதர் சொத்து அல்லர். ஆகவே அவரை அடகு வைத்தல் செல்லாது. தந்தையின் கடனுக்குப் பிள்ளையை ஈடாக வைப்பது எந்த மத்ஹபின்படியும் செல்லாத ஒப்பந்தமே. சுதந்திர மனிதரை விற்று அவ்விலையை உண்பவனும், வேலை வாங்கிக்கொண்டு கூலி தராதவனும் மறுமையில் இறைவனின் எதிர்வாதத்திற்கு ஆளாவர் என்று புகாரியில் உள்ள ஒரே நபிமொழி இரண்டையும் சேர்த்தே கூறுகிறது. ஆளின் உரிமையும் கூலியின் உரிமையும் பிரிக்கவொண்ணாதவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது, முன்பணம் பற்றியது. கூலியை முன்கூட்டியே கொடுப்பது ஆகுமானது. அது நற்செயலும் ஆகலாம். ஆனால் கடன் கொடுத்து, அக்கடனைக் காரணம் காட்டிக் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவது வேறு. கடனின் வழியாகக் கொடுத்தவர் நிபந்தனையிட்டுப் பெறும் பயன் வட்டியாகும் என்பது ஃபகீஹுகளின் அறியப்பட்ட நெறி. நாம் மேலே கணக்கிட்ட 40,000 ரூபாய் எந்தக் கணக்கில் சேரும் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம். வங்கி வட்டியைத் தொட அஞ்சும் பேணுதலுள்ள பலர், இவ்வட்டியை வட்டியென்று எண்ணுவதே இல்லை.

மூன்றாவது, வளர்ப்புரிமை (ஹளானா) பற்றியது. பிள்ளையை வளர்க்கும் முதல் உரிமை தாய்க்கு. ஹனஃபி மத்ஹபில் ஆண்பிள்ளை ஏழு வயது வரையிலும் பெண்பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருக்கும். ஷாஃபி மத்ஹபில் விவரமறியும் பருவம் எய்தியதும் பிள்ளையே தேர்ந்துகொள்ளும். செலவு தந்தையின் பொறுப்பு. எல்லா மத்ஹபுகளிலும் அளவுகோல் பிள்ளையின் நன்மையே. தந்தை பிள்ளையைக் கூலி வேலையில் அமர்த்த நேர்ந்தாலும் கூலி பிள்ளையின் உடைமை. பருவமெய்திய பின் அவ்வொப்பந்தத்தை முறித்துக்கொள்ளப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கின்றனர் ஹனஃபி அறிஞர்கள். இது பழைய நூல்களின் நிலை. பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை நாட்டின் சட்டம் தடுத்திருக்கும் இக்காலத்தில் அவ்வனுமதிக்கு இடமே இல்லை.

நமது கடமை

கம்பம் பள்ளத்தாக்கிலும் போடியிலும் ஏல வணிகத்திலும் தோட்ட உடைமையிலும் நமது சமுதாயத்தார் பல தலைமுறைகளாக ஈடுபட்டு வருகின்றனர். உத்தமபாளையத்தில் 1956இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது போன்ற அறப்பணிகள் அம்மண்ணிற்குப் பெருமை. ஆகவே இவ்வினா நமக்கு அயலாருடைய வினா அன்று.

தோட்டமும் கடையும் உடையோர் தமது பேரேட்டில் முன்பணப் பகுதியை எடுத்துப் பார்க்கட்டும். கடன் வாங்கியவரும் வாங்காதவரும் ஒரே கூலி பெறுகின்றனரா? கடன் நிலுவையிலிருக்கும்போதே வேறிடம் செல்ல அவர் உரிமை பெற்றிருக்கிறாரா? இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்பது விடையாயின், அது கூலிக் கணக்கு அன்று, ஆள் கணக்கு.

வீடுகளிலும் இச்சோதனை தேவை. ஏழை உறவினரின் அல்லது வேலைக்காரரின் சிறுமியை அழைத்து வந்து, எங்கள் பிள்ளையாகவே வளர்க்கிறோம் என்போர் நம்மிடையே உளர். சிலர் உண்மையாகவே வளர்க்கின்றனர். அவர்களுக்கு நற்கூலி உண்டு. ஆயினும், வீட்டுப் பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வேளையில் வளர்ப்புப் பிள்ளை பாத்திரம் துலக்குமாயின், அதன் பெயர் வளர்ப்பு அன்று. எலிசபெத் டர்னரின் வழக்கில் கல்வியே தராசாக நின்றதை நாம் மேலே கண்டோம்.

ஜமாஅத்துகளின் பைத்துல்மால் குறித்தும் ஒன்று கூற வேண்டும். கட்டுண்ட குடும்பத்தைக் கண்டால் கடனை நாமே அடைத்து மீட்போம் என்று நல்லெண்ணம் கொண்டோர் முன்வருவதுண்டு. முகாதபாவின் காலத்தில் அது தகுந்த வழி. ஏனெனில் அன்றைய சட்டம் எசமானனின் உரிமையை ஏற்றிருந்தது. இன்றோ 1976ஆம் ஆண்டின் சட்டப்படி அக்கடன் ஏற்கெனவே அழிந்தது. அழிந்த கடனுக்குப் பணம் பெறுவது மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நாம் அதை அடைத்தால், இல்லாத கடனை இருப்பதாக ஒப்புக்கொண்டு அடுத்த குடும்பத்தைக் கட்டவும் முதலீடு தந்தவர்களாவோம். செய்யத்தக்கது வேறு. கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ முறையிட்டு விடுதலைச் சான்றிதழ் பெற்றுத் தருவது; குழந்தைகள் நலக் குழுவின் முன் அஞ்சி நிற்கும் பெற்றோருடன் துணையாகச் செல்வது; அரசின் உதவித்தொகை வரும்வரை அக்குடும்பத்தின் அடுப்பு எரியவும் பிள்ளை பள்ளியில் நிலைக்கவும் ஜகாத்திலிருந்து வழங்குவது. விடுபட்ட குடும்பம் மீண்டும் முன்பணத்தை நாடிச் செல்வது பெரும்பாலும் அந்த இடைப்பட்ட மாதங்களிலேயே.

மேற்கிந்தியத் தீவுகளின் தாய்மார் உணவுப் பங்கு நிறுத்தப்பட்டபோதும் பிள்ளையைத் தர மறுத்தனர். அத்தகைய உறுதியை ஒவ்வோர் ஏழைத் தாயிடமும் எதிர்பார்த்துக்கொண்டு நாம் வாளாவிருத்தல் நேர்மையன்று. பசிக்கும் பிள்ளைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒரு தாய் தள்ளப்படாமல் காப்பது அவளைச் சூழ்ந்துள்ள சமூகத்தின் கடமை. ஏலமலைச் சரிவில் விடுதலைச் சட்டங்கள் உண்மையாகும் நாள், வேலைக்குச் செல்லும் ஜீப்பில் பெரியவர்கள் மட்டுமே ஏறும் நாளாகும்.